தாய்மை பெண்ணின் விலையா? பண்டித ரமாபாயும் விவிலிய வாசிப்பும்

கிறித்தவ மறைநூல் பெண்ணை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா என்னும் கேள்வி நம் வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் ஓயாமல் எழுகிறது. விடைகள் பெரும்பாலும் இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு தரப்பு கலிலேயாவில் இயேசுவைப் பின்தொடர்ந்த பெண்களைச் சுட்டும். மறுதரப்பு சபையில் பெண் அமைதி காக்க வேண்டும் என்னும் திருமுகப் பகுதியைச் சுட்டும். இரண்டும் ஒரே நூலில் இருப்பவை. ஆகவே, நூல் என்ன சொல்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், அதை யார், எந்த நிலையில் நின்று, யாருக்காக வாசித்தார் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. இந்திய வரலாற்றில் இக்கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் பண்டித ரமாபாய் (1858–1922). பெண்ணின் மதிப்பு, தாய்மை ஆகிய இரண்டையும் அவர் வாழ்வை முன்னிறுத்திப் பேசுவதே இப்பதிவின் நோக்கம். சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்ப்போம். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே தம் மனைவி லக்ஷ்மிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சமூகத்தின் எதிர்ப்பைச் சந்தித்தவர். பெண் கல்வி சாத்திரத்துக்கு முரணன்று எனப் பண்டிதர்கள் முன்னிலையில் வாதிட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. ரமாபாய்க்கு மொழியைக் கற்றுக்கொடுத்தவர் தாய் லக்ஷ்மிபாய். இச்செய்தியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துபோகக் கூடாது. ரமாபாய் அறிந்த முதல் தாய்மை, நூலைக் கையளித்த தாய்மை. 1870-களின் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, தமையனுடன் நாடெங்கும் நடந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது அங்குள்ள அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-இல் சாதி கடந்த திருமணம். 1881-இல் மகள் மனோரமா பிறப்பு. 1882-இல் கணவர் பிபின் பிகாரி மேதாவியின் மறைவு. இருபத்து நான்காம் வயதுக்குள் அவர் மகள், மனைவி, தாய், கைம்பெண் ஆகிய நான்கு நிலைகளையும் கண்டுவிட்டார். சாத்திரங்கள் பெண்ணை எந்த நிலைகளை வைத்து அளந்தனவோ, அந்த நிலைகள் அனைத்தையும் வாழ்ந்தவராகவே அவர் விவிலியத்துக்குள் நுழைகிறார்.

1907-இல் எழுதிய தன் சாட்சிய நூலில் ரமாபாய் ஒரு கருத்தைத் தெளிவாகப் பதிவு செய்கிறார். தான் கற்ற தர்ம சாத்திரங்களும் காவியங்களும் புராணங்களும் பல பொருள்களில் ஒன்றோடொன்று முரண்பட்டாலும், இரண்டு செய்திகளில் ஒத்துப்போனதாக அவர் கண்டார். பெண்கள், எச்சாதியினராயினும், இயல்பிலேயே தீயவர்கள் என்பது ஒன்று. ஆணுக்குரிய வழியில் அவர்கள் வீடுபேறு அடைய இயலாது என்பது மற்றொன்று. 1887-இல் பிலடெல்பியாவில் வெளிவந்த ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் ஆங்கில நூலில் இக்கருத்தின் சமூக விளைவுகளை அவர் விரித்துரைத்தார். பெண் குழந்தையின் பிறப்பு, திருமணம், கைம்மை என வாழ்வின் படிநிலைகளைப் பின்பற்றியே அந்நூல் செல்கிறது. மகனைப் பெற்றால் மதிப்பு, மகளைப் பெற்றால் அச்சம், கணவனை இழந்தால் மதிப்பே இல்லை என்னும் கணக்கை அது திறந்துகாட்டியது. குழந்தைத் திருமணம் நிலவிய அக்காலத்தில், பூப்பெய்தும் முன்பே கைம்பெண்ணான சிறுமிகள் பலர். தாய்மையே பெண்ணின் பெருமை எனக் கொண்டாடும் ஒரு சமூகத்தில், தாயாகும் வாய்ப்பே மறுக்கப்பட்ட அந்தச் சிறுமியின் இடம் எது? ரமாபாயின் விவிலிய வாசிப்பைப் புரிந்துகொள்ள இக்கேள்வியே திறவுகோல்.

இக்கேள்வியோடு விவிலியத்தைத் திறந்தால் என்ன கிடைக்கிறது? பிள்ளையில்லாப் பெண்ணின் துயரம் எபிரேய மறைநூலில் மீண்டும் மீண்டும் வரும் பொருள். சாராள், ராகேல், அன்னாள் எனப் பட்டியல் நீளும். அன்னாளின் கதையில் கணவன் எல்க்கானா, பத்து மகன்களைவிடத் தான் அவளுக்கு மேலானவன் அல்லவா என்று கேட்கும் இடம் உண்டு. மகன்களின் எண்ணிக்கையே பெண்ணின் மதிப்பு என்னும் அளவுகோல் அக்காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அவனது ஆறுதல் மொழியே சான்று. இக்கதைகளில் பெரும்பாலானவை இறுதியில் மகன் பிறப்பதோடு நிறைவுறுகின்றன. அதாவது, அளவுகோல் அப்படியே நிற்கிறது. ஆனால் ஏசாயா 54-ஆம் அதிகாரம் வேறு திசையில் செல்கிறது. பிள்ளை பெறாதவளையும் கைம்மையின் நிந்தையைச் சுமப்பவளையும் அது மகிழ்ந்து பாட அழைக்கிறது. நாடு கடத்தப்பட்ட மக்களுக்கான உருவகமே அது. எனினும் அவமானத்தின் அடையாளமாக இருந்தவள் அங்கே வாக்குறுதியின் முகவரியாகிறாள்.

லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் இன்னும் கூர்மையான ஓர் இடம் உள்ளது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், இயேசுவைச் சுமந்த வயிற்றையும் பாலூட்டிய மார்பையும் வாழ்த்துகிறாள். மகனின் சிறப்பைக் கொண்டு தாயை வாழ்த்துவது எல்லாப் பண்பாடுகளிலும் உள்ள வழக்கம். நமக்கும் அது அந்நியமானதன்று. இயேசுவின் மறுமொழியோ, இறைவாக்கைக் கேட்டுக் காத்துக்கொள்பவர்களே பேறுபெற்றவர்கள் எனத் திசை திருப்புகிறது. அவர் மரியாவை இகழவில்லை. லூக்கா நற்செய்தியின்படி மரியாவே வாக்கைக் கேட்டு ஏற்றவர். ஆனால் பெண்ணின் பேறு அவளது வயிற்றில் உள்ளது என்னும் கணக்கை அவர் ஏற்கவில்லை. கேட்டல், புரிதல், காத்தல் என்னும் செயல்கள் மணமானவளுக்கும் ஆகாதவளுக்கும், பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் ஒருங்கே இயல்பவை. பாலிய விதவை ஒருத்தி இவ்வரிகளை வாசித்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தாய்மையை விவிலியம் சிறுமைப்படுத்துகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இறைவனின் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘ரஹமீம்’. கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்னும் சொல்லோடு அது வேரால் இணைந்தது. ஏசாயா நூலில் இறைவன் பிரசவ வேதனையில் கதறும் பெண்ணுக்கும், பிள்ளையைத் தேற்றும் தாய்க்கும் ஒப்பிடப்படுகிறார். இறைவனைப் பேச உதவும் அளவுக்குத் தாய்மை உயர்ந்த உருவகமாகிறது. ஆனால் ஒன்றைப் போற்றுவது வேறு. அதையே ஒருத்தியின் விலையாக நிர்ணயிப்பது வேறு. இவ்வேறுபாடே இப்பதிவின் மையம்.

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம். 1 தீமோத்தேயு 2:11–15 பகுதி பெண் போதிப்பதைத் தடுக்கிறது. ஏவாளின் மீறலை நினைவூட்டுகிறது. பிள்ளைப்பேற்றின் வழியாக மீட்பு என்னும் பொருள்படும் கூற்றோடு முடிகிறது. மேலோட்டமாகப் பார்த்தால், ரமாபாய் எதிலிருந்து விலகி வந்தாரோ அதே கணக்கு இங்கும் இருக்கிறது. இப்பகுதியின் விளக்க வரலாறு நீண்டது. ‘தெக்னோகோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முன் வரும் சுட்டிடைச்சொல்லைக் கொண்டு, அது மரியாவின் மகப்பேற்றைக் குறிப்பதாகச் சிலர் கொண்டனர். பிரசவத்தின் ஆபத்திலிருந்து காக்கப்படுவதையே அது சொல்கிறது என்பர் வேறு சிலர். வாக்கியம் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிவதும் சிக்கலைக் கூட்டுகிறது. அதே திருமுகத்தின் 4-ஆம் அதிகாரம் திருமணத்தைத் தடைசெய்த போதகர்களைக் கண்டிக்கிறது. எனவே பிள்ளை பெறுவது மீட்புக்குத் தடையாகாது என்று அவர்களுக்கு எதிராகச் சொன்னதே இது என்னும் விளக்கமும் வலுவுடையது. இத்திருமுகம் பவுலுக்குப் பிந்தைய தலைமுறையில் எழுந்தது என்பதே இன்றைய விவிலிய ஆய்வாளர்களில் பெரும்பான்மையோர் கருத்து. அதன் 5-ஆம் அதிகாரமோ, அறுபது வயது கடந்த கைம்பெண்களைச் சபைப் பதிவில் சேர்க்கவும், இளம் கைம்பெண்கள் மறுமணம் செய்து பிள்ளை பெறவும் சொல்கிறது.

இந்தக் கடைசிக் கருத்து இந்தியச் சூழலில் தனித்துக் கவனிக்கத்தக்கது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. கைம்பெண்ணை மீண்டும் மனைவியாக்குவதே அச்சீர்திருத்தத்தின் வழி. ரமாபாய் மறுமணத்தை எதிர்த்தவரல்லர். அவர் 1889 மார்ச்சில் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனத்தின் முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாய், 1893-இல் தோண்டோ கேசவ் கார்வேயை மணந்து ஆனந்திபாய் கார்வே ஆனார். ஆயினும் மறுமணத்தை ஒரே தீர்வாக ரமாபாய் முன்வைக்கவில்லை. படிப்பும் கைத்தொழிலும் பெற்று ஒரு பெண் தன் காலில் நிற்கலாம். யாருடைய மனைவியாகவும் யாருடைய தாயாகவும் ஆகாமலே மதிப்போடு வாழலாம் என்பதே அவர் நிறுவனத்தின் அடித்தளம். திருமுகம் இளம் கைம்பெண்ணுக்குக் காட்டும் வழியைவிட விரிவான வழி இது. மறைநூலின் ஓர் இழையை மற்றோர் இழையால் அளக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

அத்துணிவுக்கு அவர் விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1883-இல் இங்கிலாந்து சென்ற அவர், வாண்டேஜ் நகரில் கன்னி மரியா சபைத் துறவியர் இல்லத்தில் தங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மகளோடு திருமுழுக்குப் பெற்றார். அங்கே அவரை ஈர்த்த பகுதி யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரம் என்று அவரே எழுதுகிறார். கைவிடப்பட்ட பெண்களுக்காகத் துறவியர் இலண்டனில் நடத்திய இல்லத்தைக் கண்டு, இதைச் செய்யத் தூண்டியது எது என்று அவர் கேட்டபோது, சமாரியப் பெண்ணின் கதையை ஒரு துறவி வாசித்துக் காட்டினார். அக்கதையின் நாயகி ஐந்து கணவர்களைக் கண்டவள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அதிகாரம் குறிப்பிடக்கூட இல்லை. இயேசு அவளோடு நடத்துவது வழிபாட்டைப் பற்றிய இறையியல் உரையாடல். அதன்பின் அவள் ஊராரிடம் சென்று பேசுகிறாள். அவர்களில் ஆண்களும் உண்டு. சாத்திரம் ஒதுக்கிவைத்த பெண், சாத்திரம் பேசும் பெண்ணாக மாறுகிறாள். சமஸ்கிருதப் பண்டிதையான ரமாபாய் தன்னை அங்கே அடையாளம் கண்டதில் வியப்பில்லை.

ஆனால் திருச்சபையின் நடைமுறை வேறாக இருந்தது. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் பயின்றபோது, ஆண் மாணவர்களுக்கு இந்திய மொழி கற்பிக்கும் பேச்சு எழுந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் அது முறையன்று என எதிர்த்தனர். இந்தியாவில் பொதுமேடைகளில் ஆண்கள் முன்னிலையில் உரையாற்றிப் பழகியவர் ரமாபாய். தன் தாயோ தானோ ஆண்களுக்குக் கற்பிப்பதைத் தன் தந்தையும் கணவரும் தடுக்கவில்லையே, இவர்கள் ஏன் தடுக்கிறார்கள் என்பதே அவரது வியப்பு. கிறித்தவம் இந்தியப் பெண்ணை உயர்த்தும் என்னும் மறைப்பணியாளர் கூற்று, முதல் சோதனையிலேயே திணறிய இடம் இது.

இரண்டாம் சோதனை தாய்மையைப் பற்றியது. வாண்டேஜில் ரமாபாயின் வழிகாட்டியாக விளங்கியவர் சகோதரி ஜெரால்டின். அவரை ரமாபாய் மராத்தியில் ‘ஆஜிபாய்’, அதாவது பாட்டி, என்று அன்போடு அழைத்தார். பிள்ளை பெறாத ஒரு துறவி அன்பினால் பாட்டியாகிறார்; தாய்மை உடலைக் கடந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆயினும் மனோரமாவுக்கு எந்தச் சமயக் கோட்பாடுகளைக் கற்பிப்பது என்பதில் இருவரும் கடுமையாக முரண்பட்டனர். திருச்சபையின் கோட்பாடு முழுவதையும் குழந்தை பெறவேண்டும் என்பது சகோதரியின் நிலை. தன் அறிவு ஏற்காத ஒன்றைத் தன் மகள் மீது சுமத்த இயலாது. அதை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்பது ரமாபாயின் நிலை. சகோதரி ஜெரால்டின் தொகுத்துப் பாதுகாத்த இக்கடிதங்கள், ஏ. பி. ஷா பதிப்பித்து 1977-இல் மகாராஷ்டிர அரசின் இலக்கிய, பண்பாட்டு வாரிய வெளியீடாக வந்தன. காலனிய இந்தியப் பெண் வரலாற்றைப் பயிலும் எவரும் தவிர்க்கக்கூடாத தொகுப்பு அது.

இவ்விரு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. தாய்மையைப் பெண்ணின் விலையாக்க மறுத்த அதே ரமாபாய், தாய்க்குரிய அதிகாரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இவை ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. தாய்மையைப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கடமையாகக் கண்டோர், பெண்ணைப் புகழ்ந்துகொண்டே அவளிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறித்தனர். ரமாபாய்க்கோ தாய்மை என்பது பகுத்தறிந்து செய்யும் பணி. தாய் லக்ஷ்மிபாயிடம் அவர் கண்டதும் அதுவே.

மறைநூலின் பொருள் மொழிபெயர்ப்பாளரின் கையிலும் உள்ளது என்பதை அடுத்து நோக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு நாம் அறிந்த தமிழ் விவிலியத்தையே கொள்வோம். ‘ஹயில்’ என்னும் எபிரேயச் சொல் ஆற்றல், வீரம், செல்வம் ஆகிய பொருள்களைத் தருவது. இச்சொல் கிதியோனுக்கு வரும்போது, பழைய தமிழ்ப் பதிப்பு ‘பராக்கிரமசாலி’ என்கிறது. போவாஸுக்கு வரும்போது ‘ஆஸ்திக்காரன்’ என்கிறது. ரூத்துக்கும் நீதிமொழிகள் 31-இன் பெண்ணுக்கும் வரும்போது ‘குணசாலி’ என்கிறது. ஆணுக்கு வீரமும் செல்வமும், பெண்ணுக்குக் குணம். அந்த 31-ஆம் அதிகாரத்தின் பெண்ணோ நிலம் வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் நடுகிறாள், வணிகம் செய்கிறாள். தொடக்க நூலின் 3-ஆம் அதிகாரத்தில் பெண்ணின் பேறுகால வலிக்கும் ஆணின் வயல் உழைப்புக்கும் எபிரேயம் ‘இத்சாவோன்’ என்னும் ஒரே சொல்லை ஆள்கிறது. தமிழில் ஒன்று வேதனையாகவும் மற்றொன்று வருத்தமாகவும் பிரிந்துவிடுகிறது. 2-ஆம் அதிகாரத்தில் ஏவாளைக் குறிக்கும் ‘ஏசேர்’ என்னும் சொல், சங்கீதங்களில் இறைவன் தரும் உதவியைக் குறிக்கவும் வருகிறது. துணை என்றதும் கீழ்நிலை என்று எண்ணிக்கொள்வது வாசிப்பவரின் பழக்கமேயன்றி மூலத்தின் கருத்தன்று. எந்த மொழிபெயர்ப்பாளரும் சதி செய்தார் என்று இதற்குப் பொருளில்லை. தாம் வாழும் சமூகம் பெண்ணைப் பற்றி என்ன எண்ணுகிறதோ அதுவே சொல்லாகக் கையில் வந்து விழும்.

பெண்கள் இதைக் கண்டுகொண்ட காலமும் ரமாபாயின் காலமே. அமெரிக்காவில் ஜூலியா ஸ்மித் தனியொருவராக மூலமொழிகளிலிருந்து விவிலியம் முழுவதையும் பெயர்த்து 1876-இல் அச்சிட்டார். எலிசபெத் கேடி ஸ்டாண்டன் குழுவினரின் ‘பெண்களின் விவிலியம்’ 1895-இலும் 1898-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1890-களின் தொடக்கத்தில் இந்தியாவின் இராணுவப் பாசறைகளில் பாலியல் சுரண்டலுக்கு ஆளான பெண்களின் நிலையை நேரில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் காதரின் புஷ்னெல், பிற்காலத்தில் மொழிபெயர்ப்புகளில் உள்ள ஆண் சார்பை ஆராய்ந்து நூல் எழுதினார். மேலே கண்ட ‘ஹயில்’ சிக்கலை அவரும் எடுத்துக்காட்டியுள்ளார். இவர்களுள் ஸ்டாண்டன் மறைநூலின் அதிகாரத்தையே கேள்விக்குள்ளாக்கினார். ரமாபாயின் வழி வேறு. அவர் நூலின் அதிகாரத்தை ஏற்றார். அதை வாசித்துப் பொருள் சொல்லும் அதிகாரத்தை ஆண்களிடம் மட்டும் விட்டுவைக்க மறுத்தார்.

புனே அருகே கேட்காவ்ன் சிற்றூரில் எழுந்த முக்தி நிலையத்தில் அது செயலானது. 1896–97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறுமியரையும் பெண்களையும் அவர் அழைத்துவந்தார். 1900-ஆம் ஆண்டின் பஞ்சம் அவ்வெண்ணிக்கையை மேலும் பெருக்கியது. சமூகம் ‘வீழ்ந்தவர்கள்’ என்று ஒதுக்கிய பெண்களுக்கெனக் கிருபா சதனம் என்னும் இல்லமும் அமைந்தது. இலண்டனில் கேட்ட சமாரியப் பெண்ணின் கதை இங்கே கட்டடமாயிற்று. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியில் பெயர்க்கும் பணியில் அவர் தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார். எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியே அவரது இலக்கு. பண்டிதைப் பட்டம் பெற்றவர் பண்டித நடையைத் துறந்தார். நிலையத்துப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சுப் பணி செய்தனர். 1921-இல் மகள் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். முழு நூல் 1924-இல் வெளிவந்தது.

ரமாபாயை விமரிசனமின்றி ஏற்க வேண்டியதில்லை. இந்து நூல்களை அளந்த கடுமையோடு விவிலியத்தின் கடினப் பகுதிகளை அவர் அளந்தாரா என்று கேட்கலாம். முக்தியின் பிற்காலச் சமய ஒழுங்கு, அங்கு வாழ்ந்த பெண்களுக்கு எவ்வளவு தேர்வுரிமையை விட்டுவைத்தது என்றும் கேட்கலாம். உமா சக்கரவர்த்தி, மீரா கோசம்பி, கௌரி விசுவநாதன் ஆகியோரின் ஆய்வுகள் அவரை வெவ்வேறு கோணங்களில் அணுகுகின்றன. மதம் மாறியவர் என்பதாலேயே தேசிய வரலாறு அவரை ஓரங்கட்டியதையும் இவ்வாய்வுகள் வெளிக்கொணர்ந்தன. ஆனால் ஒன்று உறுதி. கணவனையும் கல்வியையும் இழந்து, மகனில்லாத காரணத்தால் எந்தக் கணக்கிலும் சேராத ஒரு சிறுமி, ஈய எழுத்துகளைக் கையில் எடுத்து மறைநூலை அச்சில் கோத்தாள். வாக்கைக் கேட்பவர்களே பேறுபெற்றவர்கள் என்னும் லூக்காவின் கருத்துக்கு இந்தியாவில் எழுதப்பட்ட உரைகளுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘விவிலியத்தில் பெண்’ என்னும் பொதுத் தலைப்பில் கட்டுரை எழுதுவதை விடுத்து, மேலே சுட்டிய ‘ஹயில்’, ‘ஏசேர்’, ‘இத்சாவோன்’, ‘தெக்னோகோனியா’ ஆகிய நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் வெவ்வேறு பதிப்புகளிலும், மராத்தியின் பழைய பதிப்புகளிலும், ரமாபாயின் பெயர்ப்பிலும் அவை என்னவாக வருகின்றன என்று அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சமூகம் தன் பெண்களுக்கு என்ன விலை குறித்திருந்தது என்பது அந்த ஒப்பீட்டில் தெரியவரும். மராத்தி அறிந்த நண்பர்கள் இப்பணியில் இணைய முன்வந்தால் மகிழ்வேன்.